மாமரம் பூத்ததும் மச்சான் புறப்பட்டதும்

மட்டாஞ்சேரி,
17-2-1963, ஞாயிறு.

சிரஞ்சீவி மருமகன் ராமருக்கு மாமா பிச்சை ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் மூக்கு ஒன்று நீங்கலாக மற்ற அவயவங்கள் எல்லாம் சுகம். அவ்விடத்து மூக்குகளின் சுகத்துக்குப் பதில் எழுதவும்.

உன் தந்தி கிடைத்தது. "அப்பா எங்கே" என்று இரண்டே வார்த்தையில் கேட்டிருக்கிறாய். ஆளைக் கடத்தி வைத்தவனிடம் கேட்பது போல இருந்தது, போகட்டும். உன் தகப்பனார், என் அருமை மச்சான் கோமதிநாயகம், எங்கும் காணாமல் போகவில்லை. இதை நான் எழுதும் இந்த நிமிஷம் என் வீட்டுக் கூடத்தில், என் சாய்வு நாற்காலியில், என் விசிறியை வைத்து விசிறிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். உன் நிச்சயதார்த்தத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்துத் தன் தங்கச்சியை, அதாவது உன் அத்தையை, அழைத்துவிட்டு, மறுநாளே கிளம்பிவிடுவதாகச் சொல்லிக்கொண்டு 7ந் தேதி வியாழக்கிழமை வந்தவர்தான். இன்றோடு பதினோரு நாள். இதற்குள் ஆறு தடவை புறப்பட்டுவிட்டார். ஊர் போய்ச் சேரத்தான் இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் வாசல் மாமரம்.

அந்த மரத்தைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உன் தகப்பனார் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு கூடை மாம்பழம் அனுப்பினாரே, அதில் கடைசிப் பழத்தின் கொட்டையை நான் கேட்டுக்குப் பக்கத்தில் ஊன்றினேன். அது முளைத்தது, வளர்ந்தது, பெரிய மனுஷன் மாதிரி நிழலும் கொடுத்தது, ஆனால் பூ மட்டும் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பரீத் ராவுத்தர் வருஷா வருஷம் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "பிச்சை, இது ஆம்பளை மரமாக்கும்" என்பார். இந்தத் தை மாதம் பார், இலையே தெரியாமல் பூத்துவிட்டது! காலையில் ஒரு கிளாஸ் சாயாவை எடுத்துக்கொண்டு அதன் அடியில் உட்கார்ந்தால், நான் வேலை பார்க்கும் மிளகுக் கிட்டங்கியில் எனக்கு மேலே ஒரு மானேஜர் இருக்கிறார் என்பதே மறந்துபோகும். தேனீ ரீங்காரமும் அந்த வாசனையும் அப்படி. அதே மரத்திலிருந்து தத்துப்பூச்சி பிசின் மாதிரி எதையோ சட்டைமேல் சொட்டுகிறது, கம்பளிப்பூச்சி நூல் விட்டுக் கழுத்துக்குள் இறங்கிக் குசலம் விசாரிக்கிறது, முசுறு எறும்பு இலையைத் தைத்து வீடு கட்டிக் குடும்பத்தோடு குடியிருக்கிறது. இருந்தாலும் என்ன, முதல் பூ அல்லவா? இவர்களெல்லாம் கல்யாண வீட்டுக்கு அழையாமல் வந்த ஆட்கள் என்று பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாமல் போனது தும்மல்தான். 8ந் தேதி வெள்ளிக்கிழமை பத்தரைக்கு இராகு காலம் என்று உன் தகப்பனார் ஒன்பதுக்கே தயாராகிவிட்டார். உன் அத்தை மாடத்தி, விருந்தாளியை வழியனுப்பப் போகிறவர் வெறுந்தோளோடு போகலாமா என்று ஒரு வெள்ளைத் துண்டை மடித்து என் தோளில் போட்டாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். மச்சான் வலது காலை எடுத்து வைத்து, "போயிட்டு வாரேன்" என்றார். கேட்டைத் தொட்டார். நான் தும்மினேன். மச்சான் அப்படியே நின்று, திரும்பி, காலைக் கழுவி, உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எழுந்தார். நான் துண்டால் மூக்கை நன்றாகத் துடைத்துக்கொண்டு பின்னால் போனேன். இந்தத் தடவை மூன்று. "ஒத்தத் தும்மலுக்கே ஒம்பது நாளு பார்க்கணும்பாக, இது மூணு மாப்ளே" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். படகு போய்விட்டது. படகு போனால் எர்ணாகுளத்தில் கொல்லம் வண்டியும் போய்விடும்.

சனிக்கிழமை கிழக்கே சூலம். ஞாயிறு புறப்பட்டார், இரண்டு தும்மல். திங்கள் மறுபடி சூலம். செவ்வாய்க்கிழமை நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட் வரை போய்விட்டேன், மச்சானும் ஒரு காலை வெளியே வைத்துவிட்டார், அந்த நேரம் பார்த்து ஒரு முசுறு அவர் பனியனுக்குள் விழுந்தது. அறுபது வயது மனுஷர் தெருவில் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து எதிர்வீட்டுப் பிள்ளைகள் கை தட்டின. எனக்குச் சிரிப்பு வந்தது, துண்டால் வாயைப் பொத்தினேன், சிரிப்பு நின்று தும்மல் வந்தது. புதன்கிழமை அவர் குடையை விரித்தபோது உள்ளே ஒரு கம்பளிப்பூச்சி. அதை நான் துண்டால் தட்டிவிட்டேன், அத்தோடு ஐந்து தும்மல். வியாழனும் வெள்ளியும் இதே கதைதான், எழுதக் கை வலிக்கிறது. கொல்லைச் சுவர் தாழ்வுதான், ஏணி போடுகிறேன் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "கொல்ல வழியா ஏறிக் குதிச்சுப் போக நான் என்ன கோழி திருட வந்தனா?" என்று கேட்டுவிட்டு அன்று மத்தியானம் ஒரு கை சோறு குறைத்தே சாப்பிட்டார்.

பரீத் ராவுத்தர் சமாதானம் செய்ய வந்தார். "அண்ணாச்சி, எங்க ஆட்கள் தும்மினா அல்லாவுக்கு நன்றி சொல்லுவோம். தும்மல் நல்லதாக்கும், பேடிக்கண்டா, ஒண்ணும் பயப்பட வேண்டாம்" என்றார். "நீங்க நன்றி சொல்லுங்க ராவுத்தரே, நான் தண்ணி குடிக்கேன்" என்று மச்சான் செம்பை எடுத்துவிட்டார். சரி, நோய்க்குத்தான் வைத்தியம் என்று டாக்டரிடம் போனேன். அவர் என் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, மாம்பூவின் தூள் ஒத்துக்கொள்ளவில்லை, இதற்கு அலர்ஜி என்று பெயர் என்றார். இருபது வருஷம் மிளகுக் கிட்டங்கியில் மேஸ்திரியாக இருந்து ஒரு தும்மல் தும்மாத மூக்கு ஐயா இது என்று ரோஷத்தோடு சொன்னேன். காலையில் மரத்தடியில் சாயா குடிக்கும்போது தும்மல் வருவதில்லையே என்றும் கேட்டேன். வெயில் ஏறினால்தான் தூள் பறக்கும் என்றார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து சொன்னதும் மச்சான், "அலர்ஜியா? நம்ம பஞ்சாங்கத்துல அப்படி ஒரு சகுனம் போடலியே" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேட ஆரம்பித்தார். இதற்கிடையில் அவருக்கு இன்னொரு குறை. "கொச்சிக் காத்து சரியில்ல மாப்ளே, டப்பியில போட்டு வச்ச மூக்குப்பொடிகூடக் கரைஞ்சுபோகுது" என்று தினமும் டப்பியைத் தட்டித் தட்டிக் காட்டுகிறார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். 28ந் தேதி நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் தகப்பன் இல்லாமல் தட்டு மாற்ற முடியாது. பெண் வீட்டார் ஏற்கெனவே முகம் சுளிக்கிறார்கள் என்று உன் தாயார் கடிதம் போட்டிருக்கிறாள். நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மச்சான் என்னை உட்காரவைத்து, "மாப்ளே, மரமா மனுஷனா, நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் அனுப்பிய பழம், அவர் அனுப்பிய கொட்டை. ஆனாலும் ஒன்பது வருஷம் தண்ணீர் ஊற்றியவனுக்கு ஒரு மாவடுகூடக் கொடுக்காமல் அது போகப்போகிறது. "மனுஷன்தான் மச்சான்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், முசுறு கடித்ததும் வந்துவிட்டேன். மரம் வெட்டும் நாணுவிடம் சொல்லியாகிவிட்டது. நாளை காலை வருவான். மரம் விழுந்ததும் செவ்வாய்க்கிழமை உன் தகப்பனார் புறப்படுவார், புதன்கிழமை அவரை நீ சங்கரன்கோவில் ஸ்டேஷனில் பார்க்கலாம்.

நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் வருவதற்கில்லை. உன் அத்தைக்கு வரப் பிரியம்தான். ஆனால் இது மிளகு வரத்துக் காலம், எனக்கு லீவு கிடையாது. போன வருஷமும் இப்படித்தான் ஆனது, அதற்கு முந்தின வருஷமும் அப்படியே. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவளும் சரி என்று தலையை ஆட்டிவிட்டாள்.

உனக்கும் வரப்போகிற பெண்ணுக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும். உங்கள் வாசலில் எந்த மரம் வைத்தாலும் பூக்காத மரமாகப் பார்த்து வைக்கவும். உன் தாயாருக்கு என் வணக்கம், சின்னப் பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
மரத்தை இழக்கப்போகும் மாமா,
பிச்சை.

பின்குறிப்பு (செவ்வாய் காலை): மேலே எழுதிய எதையும் நம்பாதே. கடிதத்தை நல்லவேளையாக ஒட்டவில்லை.

நேற்று நாணு கோடாலியோடு வந்தான். மரத்தைப் பார்த்துவிட்டு, "பூத்த மரத்தில கோடாலி வச்சா பாபமாணு ஸாரே" என்று அரை மணி நேரம் தர்க்கம் செய்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து இரங்கி, தலையில் கட்ட ஒரு தோர்த்து கேட்டான். என் தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தேன். கிணற்றடியில் நின்று அதால் முகத்தைத் துடைத்தான், அவ்வளவுதான், கிணற்றுக்குள் எதிரொலி கேட்க ஒன்பது தும்மல். மரம் இருப்பது வாசலில், அவன் நின்றது கொல்லையில். நாற்பது வருஷமாக மாமரம் ஏறுகிறவன். துண்டை விரித்து மோந்து பார்த்து, "எந்தா ஸாரே இது, தோர்த்து நிறைய மூக்குப்பொடி!" என்றான்.

துண்டோடு அடுக்களைக்குப் போனேன். மாடத்தி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. "ஆமா, நாந்தான் போட்டேன், அண்ணன் டப்பியில இருந்துதான் எடுத்தேன்" என்றாள். ஏன்டி என்று கேட்டேன். "ஊருக்குப் போயி ஆறு வருஷம் ஆச்சு. இந்த வருஷமும் கூட்டிட்டுப் போக மாட்டீக. வந்த அண்ணனையாவது நாலு நாள் இருக்க வைப்பமேன்னு பார்த்தேன். நான் சொன்னா இருப்பாகளா? தும்மல் சொன்னா இருப்பாக." இவ்வளவையும் துருவியை நிறுத்தாமலே சொன்னாள். எனக்குக் கோபமே வரவில்லை ராமர், வெட்கமாக இருந்தது. மரத்துக்கு ஒன்பது வருஷம் தினமும் தண்ணீர் ஊற்றியவன், பெண்டாட்டி ஆறு வருஷமாக ஊருக்குப் போகவில்லை என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

நாணுவுக்குச் சாயா கொடுத்து அனுப்பிவிட்டேன். மரம் நிற்கிறது. மத்தியானம் மானேஜரிடம் போய் ஒரு வாரம் லீவு கேட்டேன், இரண்டு வசவோடு கொடுத்துவிட்டார், இத்தனை வருஷமாக நான் கேட்கவே இல்லையாம். 26ந் தேதி உன் அத்தை, நான், உன் தகப்பனார் மூவரும் ஒன்றாகக் கிளம்பி நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாளே வந்துவிடுவோம்.

ஆனால் இன்று காலை ஒரு சங்கடம். நேற்று இரவு நான் வருமுன்பே தூங்கிவிட்டார், இன்று இதை நான் சொல்வதற்குள் மச்சான் சட்டை மாட்டி, பெட்டி எடுத்து, "போயிட்டு வாரேன்" என்று சொல்லியே விட்டார். புறப்பட்டவரைப் போகாதே என்று சொல்லலாமா? தோளில் துவைத்த துண்டு, மூக்கில் ஒரு அரிப்புகூட இல்லை. கேட்டை அவர் தொடும்போது கண்ணை மூடிக்கொண்டு என்னால் முடிந்தவரை ஒரு தும்மல் தும்மினேன். அடுக்களையில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. மச்சான் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கிட்டே வந்து என் காதோடு சொன்னார்:

"சத்தம் பத்தாது மாப்ளே. தங்கச்சி போட்ட பொடியில இதைவிட நல்லாத் தும்முனீக."

சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டு, தண்ணீர் கேட்டார்.