நான்கு மூலையிலும் மஞ்சள்

எனக்குப் பயம் வந்தால் பக்தி வரும். பக்தி வந்தால் அவசரமும் வந்துவிடும். மூன்றும் சேர்ந்து வந்த ஒரு வியாழக்கிழமையைப் பற்றி இங்கே எழுதுகிறேன். கயல், முகில், இரண்டு பேரும் படித்துவிட்டுச் சிரியுங்கள். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லாதீர்கள். (சொல்வீர்கள், தெரியும்.)

ஐ.டி.ஐ. முடித்து, திருமலைராயன்பட்டினம் போகிற சாலையில் இருந்த ஒரு சின்னத் தொழிற்சாலையில் சேர்ந்து எனக்கு அப்போது ஆறாவது மாதம். லேசர் ஒளியால் சர்க்யூட் வெட்டுவது எங்கள் வேலை. பழைய ரேடியோவைத் திறந்தால் பச்சைப் பலகை ஒன்று இருக்குமே, அது இல்லை. இது வளைகிற சர்க்யூட். தேன் நிறத்தில் வெங்காயத் தோல் மாதிரி ஒரு படலம், அதன்மேல் தலைமுடி போலச் செப்புக் கோடுகள். பெரிய மில் இயந்திரங்களில் மடங்கி நீளும் பாகங்களுக்குள் இதுதான் போகும். ஒரு தாளில் முப்பது சர்க்யூட் இருக்கும். செப்புக் கோட்டைத் தொடாமல் ஒவ்வொன்றையும் ஓரமாக வெட்டி எடுக்க வேண்டும்.

எங்கே வெட்டுவது என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? தாளின் நான்கு மூலையிலும் மிளகு அளவில் வட்டமாக ஒரு செப்புப் புள்ளி இருக்கும். இயந்திரத்தின் கேமரா அந்த நான்கையும் தேடிப் பிடித்து, அங்கிருந்து அளந்துகொண்டு வெட்டும். புள்ளி தெரியாவிட்டால் எல்லாம் போச்சு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அன்று காலை எங்கள் பொறியாளர் ஸ்டெல்லா மேடம் எட்டுத் தாளை என் கையில் கொடுத்தார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு புது வாடிக்கையாளர் அனுப்பியது.

"சரவணன், இத நீங்க தனியா வெட்டுங்க. சரியா வந்துச்சின்னா உங்கள பெர்மனென்ட் பண்ணச் சொல்லி நான் எழுதிர்றேன். மொதத் தாள மட்டும் வெட்டி எங்கிட்ட காட்டிட்டு மிச்சத்தப் போடுங்க."

பெர்மனென்ட் என்றால் வேலை மட்டும் இல்லை. நெடுங்காட்டில் ஒரு பெண்ணைப் பார்த்திருந்தார்கள். (உங்கள் அம்மாதான். வேறு யாரும் இல்லை.) அவளுடைய அப்பா, அதாவது உங்கள் தாத்தா, "வேல நெலையாவட்டும், நிச்சயத்த வச்சிக்குவோம்" என்று சொல்லியிருந்தார். சொன்னதோடு விடாமல், அன்று மதியம் இரண்டு மணிக்குத் தொழிற்சாலைக்கே வருவதாகவும் ஏற்பாடு.

பன்னிரண்டரைக்கு மேடம் சாப்பிடப் போய்விட்டார். வியாழக்கிழமை ஒன்றரைக்கு ராகு காலம். தாளுக்கு ஐந்து நிமிடம் வைத்தாலும் எட்டையும் அதற்குள் முடித்துவிடலாம். மேடம் திரும்பி வந்து முதல் தாளைப் பார்க்கிற வரைக்கும் காத்திருந்தால் ராகு வந்து உட்கார்ந்துவிடுவார். மேடமா ராகுவா என்று வந்தபோது, ராகுவோடுதான் எனக்கு அதிக நாள் பழக்கம்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் தப்பித்திருப்பேன். புதுச் சட்டை என்றால் ஓரத்தில் மஞ்சள் வைத்துத்தான் போடுகிறோம். கல்யாணப் பத்திரிகைக்கு நான்கு மூலையிலும் வைக்கிறோம். என் கல்யாணத்தையே முடிவு செய்யப்போகிற தாளை வெறுமனேயா மேசையில் போடுவது? சட்டைப் பையில் கோயில் மஞ்சள் பொட்டலம் இருந்தது. தண்ணீர் பாட்டில் மூடியில் குழைத்து, மோதிர விரலால் தொட்டு வைத்தேன். எங்கே வைப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நான்கு மூலையிலும் வட்டமாக இடம் ஒதுக்கியே அனுப்பியிருந்தார்கள்.

எட்டுத் தாளுக்கு முப்பத்திரண்டு பொட்டு. தேன் நிறத்தில் மஞ்சள் கலந்து, வைத்ததே தெரியவில்லை. சாமிக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். சாமிக்குத் தெரிந்திருக்கும். கேமராவுக்குத்தான் செப்புப் புள்ளி தெரியவில்லை. திரையில் சிவப்பு எழுத்து வந்தது. அப்படி வந்தால் புள்ளியின் நடுவை நாமே மௌஸால் காட்டலாம் என்று எனக்குத் தெரியும். (அரைகுறைப் படிப்பு இந்த மாதிரி நேரத்தில்தான் கைகொடுக்கும்.) திரையில் பெரிதாகத் தெரிந்த மஞ்சள் பொட்டின் நடுவைப் பார்த்துப் பார்த்துக் காட்டினேன். (பொட்டின் நடுவும் அடியில் இருந்த புள்ளியின் நடுவும் ஒன்றில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.) ஒன்று இருபத்தைந்துக்கு எட்டும் முடிந்தது.

இரண்டு மணிக்கு உங்கள் தாத்தா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கையில் ஒரு பழப்பையோடு வந்தார்.

"என்ன மாப்ள, எங்க உங்க மெஷினு?"

அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா மேடம் ஒரு தாளை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். அதில் தெரிவது பக்கத்தில் டி.வி. மாதிரி ஒரு திரையில் பெரிதாக வரும். வெட்டு, ஓரத்தை விட்டுவிட்டுச் செப்புக் கோடுகளின் நடுவே ஏறிப் போயிருந்தது. தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"என்னங்க இது, வரப்பு வயலுக்குள்ளல்ல போவுது?"

"அதேதாங்க ஐயா," என்ற மேடம், மூலையை ஊசியால் சுரண்டினார். "சரவணன், இது என்ன?"

"மஞ்சள் மேடம்."

"மஞ்சளா?"

"கோயில் மஞ்சள் மேடம்."

"நாம என்ன கோயம்புத்தூருக்குக் கல்யாணப் பத்திரிகையா அனுப்புறோம்? சரி, மிச்சம் ஏழு தாள் எங்க?"

"அதையும் வெட்டிட்டேன் மேடம். ராகு காலம் வந்துரும்னு..."

மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பத்து. "இப்ப மட்டும் என்ன வந்திருக்காம்?"

தாத்தா குறுக்கே கேட்டார். "அந்தப் புள்ளி என்னாத்துக்குங்க?"

மேடம் விளக்கினார். கேட்கக் கேட்கத் தாத்தாவின் முகம் மாறியது. "அப்ப இது சர்வே கல்லு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சர்வே கல்லு மேலயா கைய வச்சீங்க தம்பி?"

மாப்ள தம்பியாகிவிட்டது. எட்டுத் தாள் போனதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

மேடம் கோயம்புத்தூருக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்க."

கேமரா கோளாறு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். தாத்தா பார்த்துக்கொண்டிருந்தார். "சார், எட்டுத் தாளும் வீணாப் போச்சு. மெஷின் மேல தப்பில்ல. நாந்தான் புள்ளி மேல மஞ்சள் வச்சிட்டேன்."

வாடிக்கையாளர் கேட்டார். "எதுக்குங்க வச்சீங்க?"

"வேல நல்லா வரணும்னு சார்."

"வேற தாள் அனுப்பி வைக்கறேனுங்க. அதுக்குக் குங்குமம் வச்சிராதீங்க."

மேடம் என்னை இன்னும் மூன்று மாதம் சோதனையில் வைக்கும்படி எழுதினார். நான் தாத்தாவை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க பக்கம் கல்ல நகத்துனவன் எத்தனையோ பேரு. ஒருத்தனும் நாந்தான்னு சொன்னதில்ல. மாடு இடிச்சிச்சிம்பான், மழையில சாஞ்சிச்சிம்பான்." பழப்பையை என் கையில் திணித்தார். "சாப்பிடுங்க மாப்ள. மூணு மாசம் கழிச்சி வர்றேன்."

வந்தார். நிச்சயமும் நடந்தது. ஆனால் அன்றிலிருந்து இந்தக் குடும்பத்தில் நான் கத்தியை எடுத்தால் அவர் கண்ணாடியை எடுக்கிறார். தர்பூசணியானாலும் சரி, உங்கள் பிறந்தநாள் கேக்கானாலும் சரி, "மொதத் துண்ட காட்டிட்டு மிச்சத்த வெட்டுங்க மாப்ள" என்பார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ம், வரப்பு சரியா இருக்கு, போடுங்க" என்று உத்தரவு கொடுப்பார். உங்கள் அம்மா பீன்ஸ் நறுக்கக் கொடுத்தாலும் இதே கதைதான்.

போன வாரம், முகில், நீ பள்ளிக்கூடத்துக்காக வண்ணத்தாள் வெட்டிக்கொண்டிருந்தாய். முதல் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தாய். நானும் கையை நீட்டினேன். நீ என்னைத் தாண்டிப் போய்த் தாத்தாவிடம் காட்டினாய்.

இந்த வீட்டில் வெட்டுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஆள் நான் ஒருவன்தான்.