கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்புகள்

மாவட்ட நூலக அலுவலர் அம்மா தல்லாகுளத்தில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று போன் வந்தபோது, செல்லூர்ப் பக்கத்துக் கிளை நூலகர் ஜனகராஜ் கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார்.

சாம்பிராணி போட்டாயிற்று, குங்குமமும் வைத்தாயிற்று. கம்ப்யூட்டர் மசியவில்லை. போன வாரம் ஓர் எலி உள்ளே புகுந்து வயரைக் கடித்ததிலிருந்து அது செத்துத்தான் கிடந்தது. வந்து பார்த்த மெக்கானிக், சாமான் சென்னையிலிருந்து வரவேண்டும் என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டுப் போனவர்தான், ஆளையே காணோம்.

வேறு சமயமாக இருந்தால் ஜனகராஜ் இதற்கெல்லாம் அலட்டிக்கொண்டிருக்க மாட்டார். அந்தப் பெட்டி வந்து இறங்கிய நாளிலிருந்து ஒரு வாசகர்கூட அதைத் தொட்டதில்லை. நெட் பார்க்கிறவர்கள் தெருவுக்குத் தெரு முளைத்திருந்த பிரௌசிங் சென்டருக்குப் போனார்கள். ஆனால் இன்னொரு கிளையின் நூலகர் ரவிசங்கர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். புது அலுவலர் கிளை கிளையாகப் போகிறாராம். கம்ப்யூட்டர் பக்கம் ஆளே வராத நூலகத்துக்குப் பூட்டாம்.

அன்றிலிருந்து ஜனகராஜுக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு வேலை போகாது, எங்காவது மாற்றுவார்கள். புத்தகங்கள் என்னவாகும் என்பதுதான் அவர் கவலை. அங்கே கிழிந்த புத்தகம் ஒவ்வொன்றையும் பசை காய்ச்சி ஒட்டியவர் அவர். பசைக்கென்று வாங்கும் மைதா மாவை வீட்டில் ஒளித்துவைக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் அவர் மனைவி சுந்தரவல்லி அதைப் பரோட்டா ஆக்கிவிடுவார். அத்தனை பாடுபட்ட புத்தகங்களை யாரோ எங்கோ கொண்டுபோய்க் கொட்டுவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று அந்த அறைக்குள் செருப்போடு யாரையும் விடுவதில்லை. அந்த நினைப்பு வந்ததும் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. வாசலில் செருப்பு குவிந்து கிடந்தால் உள்ளே வகுப்பு நடக்கிறது என்று அர்த்தம். நடக்கிற வகுப்பை எந்த அலுவலரும் கலைக்க மாட்டார்.

கூடத்தில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் தறிக்காரர்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, எல்லாரும் செருப்பக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க."

மூத்தவரான நல்லகாமன் நிமிர்ந்தார். "எப்ப சார் கோயிலாக்குனீக?"

"அப்புறம் சொல்றேன். கழட்டுங்கண்ணே."

அலுவலர் ஆயிஷா சித்திகா உள்ளே வந்ததும் அந்தச் செருப்புக் குவியலைத்தான் பார்த்தார். பயிற்சி வகுப்பு நடக்கிறது என்றார் ஜனகராஜ். அலுவலர் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஏன் இப்படி என்று கேட்டார்.

"புத்தகத்துக்கு மரியாதை மேடம்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார் ஜனகராஜ்.

அலுவலர் உடனே வாசலுக்குப் போய்த் தன் செருப்பையும் கழற்றி வைத்துவிட்டு வந்தார். ஜனகராஜுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. வகுப்பு முடியட்டும், படிக்கிறவர்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆளில்லாத அறையிலிருந்து யார் வெளியே வருவது? ஜனகராஜ் டீ வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்து, போகிற போக்கில் நல்லகாமன் காதில் கிசுகிசுத்தார். அலுவலர் எழுதிக்கொண்டிருக்கும்போதே எல்லாரும் ஒவ்வொருவராக நழுவி, பின்பக்கக் கதவு வழியாகக் கம்ப்யூட்டர் அறைக்குள் போய், கொஞ்சம் பொறுத்து முன்பக்கமாக வரவேண்டும் என்பது ஏற்பாடு.

போனார்கள். உள்ளே கம்ப்யூட்டருக்காக மேலிடம் மாட்டிக் கொடுத்த ஏசி ஓடிக்கொண்டிருந்தது. விடிய விடியத் தறிச் சூட்டில் வெந்த உடம்புகள் அந்தக் குளிர்ச்சியை விட்டு வெளியே வருமா? ஒருவரும் வரவில்லை. ஜனகராஜ் டீயோடு திரும்பியபோது கூடத்தில் மின்விசிறிதான் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தது.

"இங்கே இருந்தவங்க எங்கே?"

"அடுத்த பேட்ச் மேடம். எடம் புடிக்கப் போயிட்டாங்க."

"அப்போ புத்தகம் யார் படிக்கிறாங்க?"

அங்கேயாவது அவர் வாயை மூடியிருக்கலாம். "புஸ்தகத்த இப்ப யாரு மேடம் தொடுறா? எல்லாம் கம்ப்யூட்டர்தான்" என்றார். ஒட்டுப்போட்ட முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரி நிறையப் புத்தகங்கள் நின்றன, அந்தப் பக்கம் திரும்ப அவருக்கு முகம் இல்லை.

ஆயிஷா சித்திகாவின் முகம் வாடிப்போயிற்று. தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினார், எழுதிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் கம்ப்யூட்டர் அறையிலிருந்து குறட்டைச் சத்தம் கிளம்பியது. அலுவலர் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

நல்லகாமன் ஒரு தடித்த நாவலை நெஞ்சின் மேல் கவிழ்த்துக்கொண்டு தரையில் மல்லாந்து கிடந்தார். இரண்டு பேர் ஒரே பத்திரிகைக்குள் தலையை நுழைத்திருந்தார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு புத்தகத்தோடு சுவரில் சாய்ந்திருந்தார்கள். நடுவில் கம்ப்யூட்டர் நெற்றி நிறையக் குங்குமத்தோடும் சூடக் கரியோடும் இருந்தது.

இதற்கு மேல் ஜனகராஜால் தாங்க முடியவில்லை. எலி, சூடம், செருப்பு, பின்கதவு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். "அம்புட்டும் பொய் மேடம். இங்க வர்றவங்க புஸ்தகத்துக்குத்தான் வாராங்க. இந்தப் பெட்டியச் சீந்துறதுக்கு ஆள் கிடையாது."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட இல்ல மேடம்."

இனி என்ன ஆனாலும் பொய் சொல்ல வேண்டியதில்லை. அலுவலர் எழுதியதைக் கிழித்துப் போட்டு, புதுத் தாளில் ஒரு வரி எழுதினார். வாசலில் தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜனகராஜ் மேஜையிலிருந்து பூட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அலுவலர் மறந்து விட்டுப்போன குடையை எடுக்க டிரைவர் காசிமாயன் திரும்பி வந்தார். பூட்டைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அத உள்ள வைங்கண்ணே. கம்ப்யூட்டர் நல்லா ஓடுற கிளையெல்லாம் இனிமே கம்ப்யூட்டர் சென்டருன்னு மேலிடத்து உத்தரவு. காலையில பாத்த ரெண்டு எடத்துலயும் புஸ்தகத்த மூட்டை கட்டச் சொல்லிப்புட்டு மேடம் கண்ணத் தொடச்சுக்கிட்டே வண்டி ஏறுனாக, இங்கதான் சிரிச்சுக்கிட்டு ஏறியிருக்காக."