உச்சிமாகாளியின் ஐந்தாவது கப்பல்

போட்டோவை ஜெபசிங் மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டார். கப்பலின் முன்பக்கம் எது என்று பிடிபடவில்லை.

"இஞ்சேரு, இதுல எது முன்னாடின்னு சொல்லு" என்று செல்போனை மனைவியிடம் நீட்டினார்.

ரெபேக்காள் தோசைக் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். "கப்பலா? யாரோ செருப்பு பிஞ்சு போச்சுன்னு போட்டோ அனுப்பியிருக்காவன்னுலா நினைச்சேன்."

"மெதுவாப் பேசு."

"குத்தாலத்துல இருக்க ஆளுக்கு இங்கன பேசுறது கேக்கவா போவுது?"

ஜெபசிங்குக்குத் தென்காசியில் மூக்குக் கண்ணாடிக் கடை. கடை போக மிச்சமிருக்கும் நேரம் முழுக்கக் கப்பல். நிஜக் கப்பலைச் சின்னதாக்கி, பலகை பலகையாக, கயிறு கயிறாகச் செய்வது. கடல் இருப்பது இங்கிருந்து எண்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். அதனால் தென்காசியில் அவருடைய கப்பலைப் பார்த்த எல்லாரும் இரண்டே கேள்விதான் கேட்டார்கள். "இது தண்ணில மிதக்குமா?", "இதை வச்சு என்ன செய்யப் போறிய?"

துணை வேண்டும் என்று அவர் ஒரு வாட்ஸாப் குழு ஆரம்பித்தார். அவரையும் சேர்த்து ஏழு பேர். ஐந்து பேர் காலை வணக்கமும் பூப்படமும் அனுப்புகிறவர்கள். கப்பல் செய்கிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஜெபசிங். இன்னொருவன் உச்சிமாகாளி.

உச்சிமாகாளி ஐந்தருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். மூன்று வருஷத்துக்கு முன்னால், குனிந்து குனிந்து கப்பல் ஒட்டித் தோள்பட்டை பிடித்துக்கொண்டு ஜெபசிங் அவனுடைய பலகையில் போய்க் குப்புறப் படுத்தார். ஒரு மணி நேரம் அவன் தேய்த்தான். ஒரு மணி நேரம் அவர் கப்பலைப் பற்றிப் பேசினார். அவர் எழுந்து வேட்டியைக் கட்டும்போது, "கேக்கவே நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றான். அவர் அந்த இடத்திலேயே அவன் நம்பரை வாங்கிக் குழுவில் சேர்த்தார். அன்றைக்கே ஒரு டப்பா பசையும் வாங்கிக் கொடுத்தார்.

இது அவனுடைய ஐந்தாவது கப்பல். முதல் கப்பல் நன்றாக இல்லை. அதற்கப்புறம் வந்தவற்றைப் பார்த்தால் முதல் கப்பல் தேவலை என்று தோன்றும். ஆனால் ஜெபசிங் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஒரு வார்த்தை தப்பாக விழுந்து, இவனும் விட்டுவிட்டுப் போனால் குழுவில் அவரும் ஐந்து பூப்படக்காரர்களும்தான் மிச்சம்.

ஆகவே எழுதினார்: "அருமை உச்சிமாகாளி! இதை எல்லாரும் பார்க்கணும்!"

தோசை ஆறுவதற்குள் பூப்படக்காரர்களில் ஒருவனான ஜோஷ்வா பதில் போட்டான்: "அப்ப ஞாயித்துக்கிழமை கண்காட்சில வச்சிருவோம் அண்ணாச்சி!" பின்னாலேயே நாலு கட்டைவிரல்.

ஜெபசிங் பிய்த்த தோசையைத் தட்டிலேயே போட்டார்.

சீசனை ஒட்டிக் குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கைவேலைக் கண்காட்சி. குழுவுக்கு ஒரு மேஜை கொடுத்திருந்தார்கள். திறந்து வைக்க வருகிறவர் கேப்டன் பாண்டியராஜ். தூத்துக்குடிக்காரர், முப்பத்தாறு வருஷம் கடலில் இருந்தவர். அவர் கண்ணில் படுவதற்காகவே ஜெபசிங் ஐந்து வருஷமாக ஒரு தோணி கட்டியிருந்தார். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போன பாய்மரத் தோணி. மூன்றடி நீளம். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பலகைத் துண்டுகள், ஒவ்வொன்றும் அவர் கையால் இழைத்தது. பாய்கள் அவருடைய கல்யாண வேட்டியிலிருந்து வெட்டியவை. ரெபேக்காள் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

கப்பல் தெரிந்த ஒரு மனுஷன், ஒரே ஒருத்தர், அந்தத் தோணியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஜெபசிங்கின் ஆசை.

அந்தத் தோணிக்குப் பக்கத்தில் இந்தச் செருப்பா?

நல்லவேளையாக உச்சிமாகாளியே எழுதினான்: "ஐயோ வேண்டாம் அண்ணாச்சி. ஒங்க தோணி ஒண்ணு போதும்."

"அவரே வேண்டாம்ங்காரு. சரின்னு விட்டுருங்களேன்" என்றாள் ரெபேக்காள்.

"ஒனக்குத் தெரியாது. அது தன்னடக்கம். இப்ப நான் சரின்னு சொன்னா மனசு ஒடிஞ்சு போயிருவான். பக்குவமாத் தட்டிக் கழிக்கணும்."

பக்குவமாக அவனுக்குப் போன் போட்டார். "உச்சி, ஒன் கப்பலை வைக்கணும்னுதான் எனக்கு ஆசை. ஆனா பாரு, மேசை நாலடிதான். என் தோணியே மூணடி. இடம் மட்டும் இருந்திருந்தா..." என்று பெருமூச்சு விட்டார்.

மறுமுனையில் எண்ணெய் தேய்க்கிற சத்தம் நின்றது. அப்புறம் உச்சிமாகாளி, "நீங்க இவ்ளோ ஆசைப்படுதிய... எண்ணெய் தேய்க்கிற பலகை இருக்குலா அண்ணாச்சி, ஆறடி. அதைக் கொண்டாரேன். ரெண்டையும் வச்சிரலாம்" என்றான்.

ஜெபசிங் சுவரைப் பார்த்தார். "ரொம்ப சந்தோசம்பா" என்றார்.

இரவெல்லாம் யோசித்து மறுநாள் இன்னொரு வழி கண்டுபிடித்தார். கண்காட்சியில் வைக்கிற கப்பலுக்குப் பாய்மரமும் கொடிக்கம்பமும் கட்டாயம், அது விதி என்று சொல்லிவிட்டார். அப்படி ஒரு விதி எங்கும் கிடையாது. இன்னும் நாலே நாள். சீசன் நேரம், ஐந்தருவியில் எண்ணெய்க்கு ஆட்கள் வரிசையில் நிற்கிற காலம். அவனே முடியாது என்று சொல்லிவிடுவான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு உச்சிமாகாளி சாக்குப்பையில் கப்பலோடு வாசலில் நின்றான்.

"மூணு நாளு லீவு போட்டுட்டேன் அண்ணாச்சி. எனக்குத் தனியா வராது. இங்கன உக்காந்தே செஞ்சிருதேன்."

"சீசன்ல லீவா?"

"நீங்க சொல்லி வராம இருக்க முடியுமா?" என்றான். முகம் தொங்கிப் போயிருந்தது. கலை வெறி வந்தால் தூக்கம் போய்விடும், பாவம் என்று ஜெபசிங் நினைத்துக்கொண்டார்.

கொடிக்கம்பம் ஒட்டவில்லை. பத்து வருஷமாக எண்ணெயில் ஊறிய விரல்கள். அவன் தொட்ட இடத்தில் பசை நிற்காமல் வழுக்கிப் போனது. ரெபேக்காள் சீயக்காய்த் தூள் கொடுத்தாள். கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு ஒட்டினான். ஒரு நிமிஷம் நின்று, இரண்டாவது நிமிஷம் சாய்ந்தது.

"சூப்பர்! ஒரு நிமிசம் நின்னுச்சு பாத்தியா? காலைல அதுகூட நிக்கல" என்றார் ஜெபசிங்.

"ஆமா அண்ணாச்சி" என்று உச்சிமாகாளி மறுபடி சீயக்காய் டப்பாவை எடுத்தான்.

ஜெபசிங்கின் தோணிக்கு இன்னும் பதினெட்டுக் கயிறு கட்டவேண்டியிருந்தது. அதைத் தொட அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. மூன்றாம் நாள், உச்சிமாகாளி டீ குடிக்கப் போன சமயம் பார்த்து, கம்பத்தையும் பாய்மரத்தையும் தானே ஒட்டி வைத்தார். திரும்பி வந்தவன் கப்பலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

"அப்ப முடிஞ்சுதா அண்ணாச்சி? இனிமே ஒண்ணும் இல்லைலா?"

"கப்பல் வேலைக்கு முடிவே கிடையாதுடே!" என்று அவர் உற்சாகமாக முதுகில் தட்டினார். அவன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

அன்று மத்தியானம் அவன் மனைவி தங்கத்தாய் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். குற்றாலத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிறவள். புருஷனைப் பார்த்தாள், கப்பலைப் பார்த்தாள். "ஐந்தருவில கூட்டம் அள்ளுது" என்று மட்டும் சொன்னாள்.

ஜெபசிங் அவளைத் தனியாகக் கூப்பிட்டு இதமாக எடுத்துச் சொன்னார். "தங்கத்தாய், சில பேருக்கு ரத்தத்துலயே இது ஊறிப் போயிருக்கும்மா. கூட இருக்கவிய நாமதான் கொஞ்சம் பொறுத்துப் போகணும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். காலித் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. லோடு ஆட்டோவில் முதலில் கால் வைத்த எண்ணெய்ப் பலகையை ஏற்றினார்கள். தரையில் வைத்தால் பள்ளம் மேட்டுக்குத் தோணி அதிரும் என்று கப்பல் இரண்டையும் பலகையின் மேல், தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக வைத்தார் ஜெபசிங். இரண்டுக்கும் நடுவில், கீழே அவர் உட்கார்ந்தார். சாரல் ஆரம்பித்திருந்தது. உச்சிமாகாளி இரண்டு கையாலும் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்தப் பலகை பத்து வருஷம் எண்ணெய் குடித்தது. அதில் சாரலும் விழுந்தால் என்ன ஆகும் என்று மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெரியாமல் போய்விட்டது.

குற்றாலத்துக்குள் நுழைகிற வளைவில் ஒரு குரங்கு குட்டியோடு குறுக்கே ஓடியது. டிரைவர் ஒடித்துத் திருப்பினான். இரண்டு கப்பலும் ஒரே சமயத்தில் பலகையின் விளிம்பை நோக்கி வழுக்கிக்கொண்டு போயின.

"அண்ணாச்சி, ஒங்க தோணியப் பிடிங்க! என் கப்பலை விட்டுருங்க!" என்று உச்சிமாகாளி கத்தினான்.

ஒரு கப்பலைத்தான் பிடிக்க முடியும். ஜெபசிங் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். இந்த நேரத்திலும் என் தோணியை நினைக்கிறானே என்று நெஞ்சு உருகிவிட்டது. மூன்று வருஷப் பழக்கம் வேறு. கை தானாக அந்தப் பக்கம் பாய்ந்தது.

உச்சிமாகாளியின் கப்பல் அவர் மடியில் பத்திரமாக இருந்தது. தோணி தரையில் விழுந்தது. அதன் மேல் பலகை விழுந்தது. பலகையின் மேல் தார்ப்பாயோடு உச்சிமாகாளி விழுந்தான்.

மண்டபம் வந்து சேர்ந்தார்கள். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு துண்டுகளில் அகப்பட்டதை எல்லாம் அரிசிச் சாக்கில் அள்ளிப் போட்டு மேஜைக்கு அடியில் தள்ளினார் ஜெபசிங். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேஜை மேல் உச்சிமாகாளியின் கப்பல் தனியாக நின்றது.

பதினோரு மணிக்குக் கேப்டன் வந்தார். கப்பலின் ஒரு முனையில் குனிந்து பார்த்தார். சுற்றி வந்து மறுமுனையில் குனிந்து பார்த்தார். மறுபடி முதல் முனைக்கே போனார். அவர் எதைத் தேடுகிறார் என்று ஜெபசிங்குக்கு நன்றாகத் தெரிந்தது.

கடைசியில் கேப்டன் நிமிர்ந்து, உச்சிமாகாளியின் தோளில் கை வைத்து, "இதை எல்லாரும் பார்க்கணும்" என்றார். "அடுத்த வருசம் இதைவிடப் பெருசா ஒண்ணு செய்யுங்க. நானே வந்து பாக்குறேன்."

திரும்பும்போது அவர் ஷூ சாக்கில் இடித்தது. உள்ளேயிருந்து ஒரு பாய்மரத்தின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது, கயிறும் கண்ணியுமாக. கேப்டன் குனிந்தார். அந்த முடிச்சைப் பார்த்தார். புருவம் உயர்ந்தது.

"இது என்னது?"

ஐந்து வருஷமாக ஜெபசிங் காத்திருந்த கேள்வி. ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாக்கு வெளியே வந்துவிடும். அது வந்துவிட்டால் மேஜை மேல் நிற்கிற கப்பலை அப்புறம் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவர் உச்சிமாகாளியைப் பார்த்தார். அவன் கண்ணில் நீர் கோத்து நின்றது.

"கழிவுக் கட்டைங்க சார், அடுப்பெரிக்க" என்றார் ஜெபசிங்.

கேப்டன் போய்விட்டார். உச்சிமாகாளி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போனான். போகட்டும், ஒரு மனுஷனுக்காவது இன்றைக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியதே என்று ஜெபசிங் தன்னைத் தேற்றிக்கொண்டார். குழு பிழைத்தது. தோணியை இன்னும் ஐந்து வருஷத்தில் திரும்பக் கட்டிவிடலாம். இப்படி ஒருத்தனை வளர்த்துவிடுவதும் ஒரு கப்பல் கட்டுவது போலத்தானே என்றுகூட நினைத்தார். நினைத்ததும் மனசு லேசாகிவிட்டது.

அப்போது தங்கத்தாய் பழக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேஜை அருகில் வந்து நின்றாள்.

"பாத்தியாம்மா ஒன் வீட்டுக்காரனை?" என்றார் ஜெபசிங் பெருமையாக. "கேப்டனே சொல்லிட்டாரு. அடுத்த வருசம் இன்னும் பெருசு!"

அவள் கூடையைக் கீழே இறக்கி வைத்தாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

"அண்ணாச்சி, ஒங்களைக் கும்பிட்டுக் கேக்கேன், இனிமே அவுகளைப் பாராட்டாதிய. கப்பலைக் கண்டாலே அவுகளுக்கு ஆகாது. 'குரூப்புல அண்ணாச்சிய விட்டா செய்றது நாம ஒருத்தன்தான், நாமளும் விட்டுட்டா பாவம், அண்ணாச்சி மனசு ஒடிஞ்சு போயிருவாரே'ன்னு மூணு வருசமா அழுதுக்கிட்டேலா ஒட்டுதாவ!"