செம்படை டப்பாவில் நூற்றெண்பது கிராம் தண்ணீர்

மட்டாஞ்சேரி,
10 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய அத்திம்பேருக்கு,

ராமபத்ரன் செய்துகொள்ளும் நமஸ்காரம். இங்கே நானும் ஜெயலக்ஷ்மியும், விடாத மழையும் சௌக்கியம். அங்கே கோயம்புத்தூரில் நீங்களும் காமாக்ஷி அக்காவும் உங்கள் புதிய முழங்காலும் சௌக்கியமாக இருக்க பகவதியை வேண்டிக்கொள்கிறேன். முழங்கால் ஆபரேஷன் நடந்ததை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. அண்டை வீட்டுக்காரரின் வாட்ஸப்பில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

எழுத வந்த விஷயம் வேறு. 1999-ல் நீங்கள் ஜூ டவுன் வியாபாரிகள் வாசகசாலைக்குத் தலைவராக இருந்தபோது, ஆறு வருஷம் உழைத்து நான் எழுதிய ‘நேச நாடுகளும் வெற்றியின் விகிதமும்’ என்ற நூலை அலமாரியில் வைக்கும்படி கேட்டு வந்தேன். இரண்டாம் உலக யுத்தத்தை ஜெயித்ததில் எந்த நாட்டுக்கு நூற்றுக்கு எத்தனை பங்கு என்று கணக்கிட்டுச் சொல்லும் நூல் தமிழில் அது ஒன்றுதான். நீங்கள் அதைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல் ஒருதரம் தூக்கிப் போட்டுப் பிடித்து, “ஏண்டா ராமபத்ரா, செத்தவாளுக்கெல்லாம் நீ மார்க் போடறயாக்கும்?” என்றீர்கள். கமிட்டி மொத்தமும் சிரித்தது. மரியாதைக்கு நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை வாபஸ் வாங்க இருபத்தாறு வருஷமாக வழி தேடிக்கொண்டிருக்கிறேன். இதற்கிடையில் எனக்கு வர வேண்டிய லெக்சரர் வேலை யாருக்குப் போனது, ட்யூட்டோரியல் காலேஜில் எத்தனை காலம் பானிபட்டை மட்டும் நடத்தினேன் என்பதையெல்லாம் நீங்கள் அறிவீர்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பிரதிகள் எங்கள் கட்டிலுக்கடியில் இருக்கின்றன.

யுத்தம் முடிந்து எண்பது வருஷம் ஆனதற்காக வாசகசாலையில் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு விவாதம் வைத்தார்கள்: ‘வெற்றியில் யார் பங்கு எவ்வளவு?’ இப்போது காரியதரிசி ஸ்ரீநாத். ஸினகாக் தெருவில் பழைய சாமான் கடை வைத்து, போன வருஷம் செய்த நாற்காலியை டச்சுக்காரன் நாற்காலி என்று வெள்ளைக்காரனிடமே விற்கிறானே, அவன்தான். நான் நூலைத் தூக்கிக்கொண்டு போய் நின்றதும், “மாமா, ஒரு கார்யம் சொல்றேன். உங்க புஸ்தகத்துல இருக்கற கணக்கும் நம்ம மிளகும் ஒத்துப் போகட்டும். ஒண்ணு கூடக்குறைய இருந்தாலும் பரவாயில்லை, அன்னிக்கே அலமாரியில வெச்சுடலாம். ஒக்கலைன்னா இனிமே அதைப் பத்தி மிண்டப்படாது, வாயே திறக்கப்படாது, சம்மதமா?” என்றான். சம்மதம் என்றேன். ஆத்துக்கு வந்து சொன்னால் ஜெயலக்ஷ்மி தன் பங்குக்கு, “தோத்தேள்னா சனிக்கிழமை பழைய பேப்பர்காரனைக் கூப்பிடுவேன். உலக யுத்தத்துக்கு மேல படுத்துண்டு எத்தனை வருஷம் தூங்கறது?” என்றாள்.

மிளகு விஷயத்தை நீங்கள் கோயம்புத்தூரில் கொஞ்சம் கூட்டிச் சொல்வதாகக் கேள்வி. சரியாக எழுதுகிறேன், இதையே சொல்லுங்கள். நம் வாசகசாலையில் கை தூக்கி ஓட்டுப் போடும் வழக்கம் கிடையாது. உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் கீழே கிடங்கிலிருந்து வந்த மிளகு சின்ன டம்ளரில் ஒரு டம்ளர். மேஜையில் கட்சிக்கு ஒரு டப்பா. பேச்செல்லாம் முடிந்தபின் அவரவர் மிளகை அவரவர் மனசுப்படி பிரித்துப் போடலாம், எல்லாவற்றையும் ஒன்றிலேயே கொட்டவும் செய்யலாம். கடைசியில் தராசில் நிறுத்துப் பார்த்து, முடிவை எழுதிக்கொண்டு, மிளகைக் கிடங்குக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கு ஐந்து டப்பா. என் நூலின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து அட்டவணையைக் கரும்பலகையில் நானே எழுதினேன்: சோவியத் யூனியன் 46, அமெரிக்கா 27, பிரிட்டன் 14, சீனா 9, இந்தியாவும் மற்றவர்களும் 5.

ஐம்பது பேர் வந்தார்கள். செம்படைக் கட்சிக்காரர்களுக்கு, அதாவது சோவியத்துக்காகப் பேசுகிறவர்களுக்கு, வேறெங்கோ சங்கக் கூட்டம், கடைசியாகத்தான் வந்தார்கள். அதற்குள் ஒரு சாக்கு தீர்ந்துபோய் இரண்டாவது சாக்கைப் பிரித்திருந்தார்கள். எனக்குப் பேச அனுமதி இல்லை, நான் பந்தயக்காரனாம். முதலில் தேவராவிலிருந்து வந்த கடற்படை ரிட்டயர்டு ஆசாமி எழுந்து, “நாப்பதாம் வருஷம் தனியா நின்னது யாரு? பிரிட்டன்! அப்போ உங்க ஸ்டாலின் ஹிட்லரோட ஒப்பந்தம் போட்டுண்டு இருந்தார்” என்றார். மூட்டை ஏற்றி இறக்கும் சுமட்டுத் தொழிலாளர் சங்கத்துப் பழைய தலைவர் ஒருவர், அவர் மலையாளி, நமக்காகத் தமிழில் பேசுவார், “நின்னது சரி சாரே. நின்னுட்டே இருந்தது. நாங்க நடந்து, பெர்லின் வரெ” என்றார். “நீங்களா? நீங்க இந்த வைப்பின் தீவைத் தாண்டி எப்போ போனேள்?” என்றார் கடற்படை. சபை சிரித்து அடங்குவதற்குள் ஸ்ரீநாத் அமெரிக்காவுக்காக எழுந்து, “எங்கே நடந்தேள்? நாலு லக்ஷம் லாரியும் ஜீப்பும் அமெரிக்காக்காரன் அனுப்பினான். ஏறின்னா போனேள்!” என்றான். கடைசி வரிசையில் யாரோ, “லாரி ஏத்துக்கூலி யாரு குடுத்தா?” என்று கேட்டார்கள். அப்போது அந்தச் சங்கத்தலைவர் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, “ரெண்டே முக்கால் கோடிக்குக் கொஞ்சம் குறைவு. சோவியத்துல செத்தவங்க. இப்போ நம்ம கேரளத்துல நாலு பேர்ல மூணு பேர்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இந்த எண்ணை என் நூலில் ஒன்பது இடங்களில் நானே எழுதியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குத்தான் எதிர்வரிசையில் இருந்த நாலு பேரில் மூன்று பேரை மனசுக்குள் எழுப்பி வெளியே அனுப்பிப் பார்த்தேன். அடுத்த வரிசை. அதற்கடுத்த வரிசை. அத்திம்பேர், ஹால் முக்கால்வாசி காலியாகிவிட்டது. காலி நாற்காலிகளுக்கு மேல் மின்விசிறி சுற்றுகிறது.

பிறகு வரிசையாக வந்து மிளகு போட்டார்கள். செம்படைக்காரர்கள் பிரிக்கவே இல்லை, டம்ளரோடு கவிழ்த்தார்கள். மற்றவர்கள் மருந்து கொடுப்பதுபோல் எண்ணி எண்ணிப் போட்டார்கள். தராசு வந்தது. மொத்தம் சரியாக ஐந்து கிலோ. சோவியத் இரண்டு கிலோ முந்நூறு, அதாவது நாற்பத்தாறு. அமெரிக்கா இருபத்தேழு. பிரிட்டன் பதின்மூன்று, ஒன்று குறைவு, அது நிபந்தனைக்குள். சீனா ஒன்பது. இந்தியாவும் மற்றவர்களும் ஐந்து. நான் கரும்பலகையைப் பார்த்தேன், தராசைப் பார்த்தேன். ஆறு வருஷம் லைப்ரரி லைப்ரரியாக அலைந்து நான் கண்டுபிடித்ததை ஐம்பது பேர் அரை மணியில் கை நிறைய மிளகை வைத்துக்கொண்டு கண்டுபிடித்துவிட்டார்கள்! எல்லாரும் கை தட்டினார்கள். கடற்படை ஆசாமிகூடத் தட்டினார். ஸ்ரீநாத் என் நூலை வாங்கி, கண்ணாடி அலமாரியைத் திறந்து, நடு வரிசையில் வைத்தான். உங்கள் படத்துக்கு நேர் கீழே. சபை சாயாவுக்கும் பழம்பொரிக்கும் கீழே இறங்கிப் போனது. நானும், முடிவை எழுதிக்கொண்டிருந்த ஸ்ரீநாத்தும் போகவில்லை. நூலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் பாண்டிச்செல்வி காலிச் சாக்கோடு மேலே வந்தாள். கீழே கிடங்கில் மிளகு தரம் பிரிக்கிறவள். தென்காசிப் பக்கத்துக்காரி, வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அமெரிக்கா டப்பாவில் கையை விட்டாள், சாக்கில் கொட்டினாள். பிரிட்டன், கொட்டினாள். சீனா, இந்தியா, கொட்டினாள். சோவியத் டப்பாவில் கையை விட்டவள் அப்படியே நின்றாள்.

“சார், இதைச் சேத்துக் கொட்ட மாட்டேன். ஈரமா இருக்கு. சேத்தா சாக்கே பூசணம் பூத்துப்போயிரும், மொதலாளி என்னையத்தான் கேப்பாரு.”

“ரெண்டும் ஒரே கிடங்கு மிளகுதானே” என்றான் ஸ்ரீநாத்.

“கிடங்கு ஒண்ணுதான். சாக்கு ரெண்டுல்லா? இது மழையில வந்த சாக்கு, காய வைக்கணும்னு ஓரமா வச்சிருந்தேன். யாரு எடுத்தீய?” கையை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டுக் கண்ணை மூடினாள். “ஈரம் நூத்துக்குப் பதினெட்டு இருக்கும். மத்ததெல்லாம் பதினொண்ணு. இந்த டப்பாவுல மட்டும் நூத்தி எம்பது கிராம் கூடுதல் தண்ணி.”

நம்பவில்லை. நம்ப விருப்பமும் இல்லை. ஈரம் பார்க்கும் மெஷினைக் கீழேயிருந்து கொண்டுவரச் சொன்னேன். சாக்கில் கொட்டியது: பதினொன்று. சோவியத்: பதினெட்டு. கடைசியாக வந்த செம்படைக்காரர்களுக்கு அளந்தது அந்த இரண்டாவது சாக்கிலிருந்துதான். நான் சரித்திரம் எம்.ஏ., இருந்தாலும் கணக்கு வரும். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அந்த இரண்டு கிலோ முந்நூறும் மற்றதைப்போல் காய்ந்திருந்தால் எடை எவ்வளவு குறையும்? நூற்று எண்பத்தொரு கிராம். அத்திம்பேர், ஒரு கிராம்தான் வித்தியாசம்! அந்த ஒரு கிராமும் என் பின்னக் கணக்கில்தான் எங்கேயோ வந்திருக்கும். நான் அவள் கையைப் பார்த்தேன். மஞ்சள் பழுத்து, நகக்கண்ணெல்லாம் கறுத்து, எல்லாக் கைகளையும் போல ஐந்து விரல் உள்ள ஒரு கை. அதற்குள் ஒரு தராசும், ஒரு மெஷினும், என் எம்.ஏ.யைவிடப் பெரியதாக ஏதோ ஒன்றும் இருந்தது. கோயிலில் நடை திறக்கும்போது நிற்பதுபோல் நின்றேன்.

தண்ணீரைக் கழித்தால் சோவியத் நாற்பத்து நாலுதான். இரண்டு குறைகிறது, நிபந்தனையில் இடம் ஒன்றுக்குத்தான். என் நூலில் குர்ஸ்க் போருக்கு மட்டும் இரண்டு சதவீதம் கொடுத்திருந்தேன். உலகத்திலேயே பெரிய டாங்கிப் போர்களில் ஒன்று, எங்கள் வாசகசாலையில் ஈரமாக இருந்து ஆவியாகப் போய்விட்டது.

ஸ்ரீநாத் குரலைத் தாழ்த்தி, “மாமா, எல்லாரும் சாயா குடிக்கப் போயாச்சு. நாம மூணு பேர்தான். புஸ்தகம் அலமாரியில ஏறியாச்சு. ஏறினது ஏறினதாவே இருக்கட்டும்” என்றான். நல்ல பையன்தான், நாற்காலி விஷயம் தவிர. நான் பாண்டிச்செல்வியைப் பார்த்தேன். அவள் எங்கள் பேச்சைக் கேட்கவே இல்லை. சோவியத் மிளகைத் தரையில் ஒரு காகிதத்தில் பரத்தி, மின்விசிறியைப் பெரிதாக வைத்துக்கொண்டிருந்தாள். நூற்றெண்பது கிராம் தண்ணீரை மிளகென்று சொல்ல அவளால் முடியவில்லை. எனக்கு எப்படி முடியும்? அலமாரியைத் திறந்து என் நூலை நானே வெளியே எடுத்தேன். இருபத்தாறு வருஷம் காத்திருந்து இருபத்தைந்து நிமிஷம் இருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்து, “தமிழ் புக்கா சார்? இங்க எல்லாம் மலையாளமாவே இருக்கு. படிச்சிட்டுத் தரட்டா?” என்று கேட்டாள். அத்திம்பேர், இத்தனை வருஷத்தில் அந்த நூலை ஒருவர் கேட்டு வாங்குவது இதுவே முதல் தடவை. அட்டையை வேட்டியில் துடைத்துக் கொடுத்தேன்.

ஆகவே இதைப் படித்ததும் நீங்கள் சிரிக்கலாம். 1999-ல் நீங்கள் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்கிறேன். சனிக்கிழமை பழைய பேப்பர்காரர் வருகிறார். உங்களிடம் என் கையெழுத்தோடு இருக்கும் பிரதியையும் அங்கேயே போட்டுவிடுங்கள். செத்தவர்களுக்கு மார்க் போட நான் யார்? இனி எண்களைத் தொடுவதில்லை என்று ஜெயலக்ஷ்மியிடம் சொல்லிவிட்டேன். உங்கள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் மீதி இல்லை. அக்காவுக்கு என் அன்பு. முழங்காலை அதிகம் மடக்க வேண்டாம். பெரியவர்கள் நீங்கள் இருவரும் எங்களை ஆசீர்வதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
ராமபத்ரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் பாண்டிச்செல்வி வந்துவிட்டாள். மூன்றே நாளில் முழுக்கப் படித்திருக்கிறாள், அடிக்குறிப்பு உட்பட. “நல்லா இருக்கு சார், ராத்திரி அழுகையா வந்துச்சு. ஆனா நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல கூட்டிப் பாத்தேன், நூத்தி ஒண்ணு வருது. ஒரு ஊர்க்காரன் கூடுதலா செத்துட்டானா?” என்றாள். கூட்டிப் பார்த்தேன். நூற்றொன்றுதான் வருகிறது. கரும்பலகையிலும் நான் அதையேதான் எழுதியிருக்கிறேன், ஐம்பது பேர் பார்த்திருக்கிறார்கள். 1999 முதல் உங்களிடம் ஒரு பிரதி இருக்கிறது, நீங்கள் பேங்கில் முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவர், ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை. ஆக, ஒரு பக்கம்கூடப் புரட்டாமல்தான் என்னைக் கமிட்டி முன்னால் சிரிக்க வைத்திருக்கிறீர்கள். மேலே வருத்தம் மீதி இல்லை என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். பிரதியைப் போட வேண்டாம், எனக்குத் தபாலில் அனுப்பவும். பேப்பர்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பிரதிகளிலும் பேனாவால் ஒரு எண்ணைத் திருத்த வேண்டும். காலையிலிருந்து மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கூட்டுத்தொகை நூறாக யாரிடமிருந்தாவது ஒன்றை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அட்டவணையின் ஐந்து பேர்களையும் மாறி மாறிப் பார்க்கிறேன். யாரிடமிருந்தும் எடுக்கக் கை வரவில்லை.