நிமிடத்துக்கு முப்பத்தெட்டுச் சொட்டு

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

இங்கு எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் தற்சமயம் நான் ஒருவன்தான். அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், நீங்கள் காலை நடையை விடாமல் இருப்பீர்கள் என்றும் நம்புகிறேன். இன்னும் கொஞ்சம் விசாரித்திருப்பேன். விஷயம் அவசரம் என்பதால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

கைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். கைபேசி அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது. மூன்று நாள் அரிசியில் கிடந்தால் உள்ளே போன தண்ணீர் வெளியே வந்துவிடும் என்று கீழ்வீட்டு வக்கீல் சொன்னார். சட்டப்படி அல்ல, கேள்விப்பட்டபடி.

வேண்டுகோள் இதுதான். உங்கள் தங்கை, எங்கள் மகள் வீட்டிலிருந்து திரும்பும் வழியில் சனிக்கிழமை உங்கள் வீட்டில் இறங்குவாள். ஞாயிறு மாலை இங்கே கிளம்புவதாக ஏற்பாடு. அவளை எப்படியாவது புதன்கிழமை வரை அங்கேயே நிறுத்தி வைக்க வேண்டும். என்ன காரணம் சொல்வது என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். அக்காவின் முழங்காலைப் பயன்படுத்திக்கொள்ளலாம். உண்மைக் காரணத்தை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள உங்கள் தங்கை கிளம்பிப் போய் இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. போன மறுநாளே சமையலறை சிங்க்குக்குக் கீழே இருக்கும் குழாயில், இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில், ஒரு சொட்டு விழுவதைப் பார்த்தேன். வேறு யாராக இருந்தாலும் அடியில் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் எடை, அளவுச் சோதனையில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவன். எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்தெட்டுச் சொட்டு. மருந்து குடிக்கும் அளவுக் குப்பியை வைத்துப் பார்த்ததில் ஒரு நாளைக்கு இரண்டே முக்கால் லிட்டர் வருகிறது. மூன்று நாள் காலையும் மாலையும் எண்ணி நோட்டில் எழுதினேன். எண்ணிக்கையில் மாற்றம் இல்லை. எண்ணினால் ஒழுகல் நிற்காது என்பது நான்காம் நாள் காலையில் தெளிவாகிவிட்டது.

பிளம்பருக்குப் போன் செய்தேன். அவர் ஏதோ ஒரு கட்டடத்தின் எட்டாவது மாடியில் இருந்தார். வியாழக்கிழமைதான் வர முடியும், அதுவரைக்கும் தண்ணீரை மூடிவிட்டு, குழாயை நன்றாகத் துடைத்து, சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றி, மேலே கிளாம்ப் போட்டு வையுங்கள் என்றார். “ரெண்டு நாள் தாங்கும் சார். ரெண்டே நாள்தான்” என்று இரண்டு முறை சொன்னார். இதில் தண்ணீரை மூடுவது என்ற முதல் வேலைக்கு மொட்டை மாடிக்குப் போக வேண்டும். மாடிக் கதவு பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று எனக்குத் தெரியாது. ஆகவே இரண்டாவது வேலையிலிருந்து ஆரம்பித்தேன். ஒழுகுகிற குழாயைத் துடைத்தால் அது துடைக்கத் துடைக்க ஒழுகும் என்பதால் அதையும் விட்டுவிட்டு மூன்றாவது வேலைக்கு வந்தேன். சைக்கிள் கடைக்காரரிடம் பழைய டியூப் ஒன்றை வாங்கி, விரல் அகலத்துக்கு நாடாவாக வெட்டி, சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு இழுத்து இழுத்துச் சுற்றினேன். பதினொரு சுற்று. மேலே இரண்டு கிளாம்ப். வெளியே வந்து பார்த்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஆனால் மச்சான், சொட்டு நின்றுவிட்டது. முப்பத்தெட்டு இருந்த இடத்தில் பூஜ்யம்.

இதை எதற்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், நான் ஓய்வு பெற்று நாலு மாதம் ஆகிறது. இந்த வீட்டில் எனக்கு வேலை எதுவும் கிடையாது. பல்பு எரியவில்லை என்று நாற்காலியை எடுத்தால், “நீங்க இருங்க” என்பாள் உங்கள் தங்கை. காய் வெட்ட உட்கார்ந்தால், நீங்க இருங்க. துணி மடிக்கப் போனால், நீங்க இருங்க. நாலு மாதமாக இருப்பதுதான் என் உத்தியோகம். அவள் அன்பாகத்தான் சொல்கிறாள். நான் குறையாகச் சொல்லவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். அன்று சிங்க்குக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பிளம்பருக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் செய்த தவறு இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தவை.

குழாய்க்கும் வயதாகிவிட்டது. அது இரும்புக் குழாய், உள்ளே துரு. ஓரிடத்தில் அடைத்தால் அடுத்த இடத்தைப் பார்த்துக்கொண்டு போகிறது. கட்டுப் போட்ட மூன்றாம் நாள் குளியலறையில் குழாய் வளையும் இடத்தில் கசிந்தது. கடைக்காரர் இரண்டு நிற மாவு கொடுத்தார். இரண்டையும் சரிசமமாகப் பிசைந்து ஓட்டையில் அப்பினால் கல்லாக இறுகிவிடும் என்றார். அது உண்மைதான். ஆனால் எவ்வளவு நேரத்தில் இறுகும் என்பதை நான் கேட்டுக்கொள்ளவில்லை. பிசையவும் அப்பவும் ஒரு கரண்டியைப் பயன்படுத்தினேன். விருந்தாளிகள் வந்தால் மட்டும் உங்கள் தங்கை வெளியே எடுப்பாளே, அந்த நீளக் கரண்டி. நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு நூறு வரை எண்ணிவிட்டு எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. கசிவும் வரவில்லை. இப்போது கரண்டி குழாயிலேயே இருக்கிறது. துண்டு மாட்டிக்கொள்ள வசதியாக இருக்கிறது.

இப்படியே இரண்டு வாரத்தில் ஏழு கட்டு. டியூப் தீர்ந்ததும் பழைய மழைச்சட்டையைக் கிழித்தேன். நோட்டில் ஒவ்வொன்றுக்கும் இடம், தேதி, கட்டுவதற்கு முன் எத்தனை சொட்டு, பின் எத்தனை என்று தனித்தனியாக எழுதியிருக்கிறேன். நீங்கள் வரும்போது காட்டுகிறேன். உங்கள் தங்கை தினமும் போன் செய்து சாப்பிட்டீர்களா, கதவைப் பூட்டினீர்களா என்று கேட்பாள். சாப்பிட்டேன், பூட்டினேன் என்பேன். குழாயைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவள் திரும்பி வந்ததும் சிங்க்குக்கு அடியில் அவளைக் குனியச் சொல்லி, ஒன்றும் பேசாமல் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

இனி நேற்று நடந்தது. காலை பத்தரை மணிக்குக் கீழ்வீட்டு வக்கீல் மேலே வந்தார். கோர்ட்டுக்குக் கிளம்பிய உடையில், கறுப்புக் கோட்டோடு இருந்தார். அவருடைய அறையின் கூரையில் ஒரு வாரமாக ஈரம் படர்ந்து வருகிறதாம். சற்று முன் கட்சிக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய வழக்குக் கட்டின் மேல் ஒரு சொட்டு விழுந்ததாம். மனிதர் கோபப்படவில்லை. “கேஸ் கட்டு நனைஞ்சா எதிர்க்கட்சிக்குத்தான் சார் லாபம்” என்று மட்டும் சொன்னார். ஒழுகுவதற்கு வாய்ப்பே இல்லை என்று அவரை உள்ளே அழைத்துப்போய் ஏழு கட்டுகளையும் வரிசையாகக் காட்டினேன். நோட்டையும் காட்டினேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, இதெல்லாம் தாங்குமா என்று கேட்டார். எவ்வளவு உறுதி என்று காட்டுவதற்காக, சமையலறைச் சுவரில் தோள் உயரத்தில் ஓடும் குழாயை ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டினேன்.

கட்டுகள் ஏழும் அசையவில்லை. கட்டாத இடத்தில் மிளகு அளவு ஓட்டை விழுந்தது.

அதிலிருந்து தண்ணீர் நேராகப் பாய்ந்து எதிர்ச்சுவர்க் காலண்டரை அடித்தது. மாதம் தெரியாமல் போயிற்று. நான் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்தேன். வக்கீல்தான் சட்டென்று முன்னால் போய்க் கட்டை விரலால் ஓட்டையை அடைத்தார். கோட்டின் கை முழங்கை வரை நனைந்தது. விரலை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எத்தனை நேரத்துக்கு என்று கேட்டார். மெயின் வால்வை மூடும் வரைக்கும் என்றேன். அது எங்கே என்றார். மாடியில் என்றேன். போய் மூடுங்கள் என்றார். சாவி இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் குறுக்கு விசாரணை தெரிந்தது.

இதற்குள் வக்கீலைக் காணோமே என்று அவருடைய கட்சிக்காரர் படியேறி வந்துவிட்டார். வாட்டசாட்டமான ஆள். எல்லைச் சுவர்த் தகராறுக்காக வந்தவர். ஒன்றும் கேட்காமல் மூலையில் இருந்த வாளியை எடுத்து விரலுக்குக் கீழே பிடித்துக்கொண்டார். விட்ட இடத்திலிருந்து தன் வழக்கைச் சொல்லவும் ஆரம்பித்தார். வக்கீலும் விரலை எடுக்காமல் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வேறு வழியில்லாமல் உங்கள் தங்கைக்குப் போன் செய்தேன்.

“மொட்டை மாடிச் சாவி எங்க இருக்கு?”

“என் கைப்பையிலதான். இப்ப எதுக்கு?”

“சும்மா. கொஞ்சம் காத்து வாங்கலாம்னு.”

“பதினொரு மணி வெயில்லயா?”

வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்காமலிருக்கக் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“அது என்னங்க சத்தம்?”

“மழை.”

“இப்பத்தான் காத்து வாங்கப் போறேன்னீங்க.”

அந்த நேரம் பார்த்து வக்கீல், “சார், கட்டை விரல் மரத்துப்போச்சு. அடுத்த விரலை வைக்கட்டுமா?” என்றார்.

“யாரு அது? எதுக்கு விரல்?” என்றாள் உங்கள் தங்கை. பதில் சொல்வதற்காகக் கைபேசியை மறுகைக்கு மாற்றினேன். ஈரக் கை. அது கட்சிக்காரர் பிடித்திருந்த வாளிக்குள் விழுந்தது. கொஞ்ச நேரம் உள்ளே வெளிச்சம் தெரிந்தது.

பிறகு கட்சிக்காரர் வாளியை என்னிடம் கொடுத்துவிட்டு ஸ்பேனரை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார். பூட்டை உடைக்காதீர்கள், பின்னால் வழக்காகிவிடும் என்று வக்கீல் கீழே இருந்தபடியே எச்சரித்தார். அவர் பூட்டைத் தொடவில்லை. தாழ்ப்பாளின் நட்டுகளைக் கழற்றி, பூட்டும் தாழ்ப்பாளும் சேர்ந்தே கையோடு வர, கதவைத் திறந்து வால்வை மூடிவிட்டார். தண்ணீர் நின்றது. வக்கீல் விரலை எடுத்தபோது மணி பதினொன்றே கால். அது வெளுத்துச் சுருங்கி, வேறு யாருடைய விரலோ போல இருந்தது. கோர்ட்டுக்கு வாய்தா கேட்டு அங்கிருந்தே போன் செய்தார். காரணமாக உடல்நிலை என்று சொன்னார். விரலும் உடலில்தானே இருக்கிறது.

வீட்டில் டியூப் இல்லை, மழைச்சட்டையும் மிச்சமில்லை. தேடியதில் உங்கள் தங்கை இடுப்பு வலிக்கு வைத்திருக்கும் வெந்நீர்ப் பை கிடைத்தது. தடித்த ரப்பர், இந்த வேலைக்கென்றே செய்ததுபோல இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு வெட்டினேன். பிளம்பர் சொன்ன வரிசையில், முதல் முறையாக எல்லாவற்றையும் செய்தேன். தண்ணீர் மூடியிருந்தது. குழாயைத் துடைத்தேன், துரு போகத் தேய்த்தேன், உலர விட்டேன். ரப்பரைச் சுற்றி இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு, ஒரு திருகை ஒரு சுற்று, மற்றதை ஒரு சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கினேன். கட்சிக்காரர் மேலே போய் வால்வைத் திறந்தார். மூவரும் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சொட்டு இல்லை. கட்சிக்காரர், “இது தாங்கும்” என்றார்.

வக்கீலின் போனிலிருந்து பிளம்பரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வக்கீல் கூரைக்குப் போவது சுவருக்குள் இருக்கும் குழாயின் கசிவு, குழாய் முழுவதையும் மாற்றாமல் முடியாது, மூன்று இடத்தில் சுவரை உடைக்க வேண்டும், வரும் திங்கட்கிழமை ஆரம்பித்தால் செவ்வாய் மாலை முடியும் என்றார். ஆகவேதான் புதன்கிழமை. கரண்டி, வெந்நீர்ப் பை, தாழ்ப்பாள், காலண்டர், வக்கீலின் கூரை எல்லாவற்றுக்கும் நான் படிப்படியாகப் பதில் சொல்லிக்கொள்கிறேன். உடைந்த சுவரை மட்டும் அவள் பார்க்க வேண்டாம்.

இன்னொன்றையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை பிளம்பர் வந்து அந்தக் கட்டுகளையெல்லாம் அறுத்துக் குப்பையில் போடுவார். அதுதான் முறை. தற்காலிகம் என்றால் தற்காலிகம்தான். ஆனாலும் இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் போய் எட்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எட்டும் உலர்ந்திருந்தன.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், சின்னவர்களுக்கு என் ஆசிகளையும் சேர்ப்பியுங்கள். உங்கள் வீட்டில் தண்ணீர் குழாய்க்குள்ளேயே ஓட வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரர்

பின்குறிப்பு:

அண்ணா, இது நான். நேத்து போன் பாதியில நின்னதும் சாயங்கால பஸ்ஸே ஏறிட்டேன். இப்பத்தான் வந்து கதவைத் திறந்தேன். உங்க மச்சான் வீட்ல இல்ல, தபால்தலை வாங்கப் போயிருக்கார்போல. கடிதம் மேஜை மேல இருந்தது, உறை ஒட்டாம இருந்தது, படிச்சுட்டேன். அதனால என்னை யாரும் எங்கயும் நிறுத்தி வைக்க வேண்டாம். அண்ணி முழங்காலுக்கு ஓய்வு கொடுங்க.

சிங்க்குக்குக் கீழ இருக்குற அந்தக் குழாய் ஏழு வருஷமா ஒழுகுது. மாசத்துக்கு ஒரு தடவை பழைய துணியைச் சுத்தி நான்தான் கட்டிட்டு வந்தேன். அவர் ஆபீஸ் போனப்புறம் கட்டிடுவேன், இந்த நாலு மாசமா அவர் தூங்குற நேரத்துல. சொன்னா எத்தனை சொட்டுன்னு எண்ணச் சொல்லுவார். இந்தத் தடவை பேரனைப் பார்க்குற அவசரத்துல, பழைய துணியை அவிழ்த்துத் துவைச்சுப் போட்டுட்டு, திரும்பக் கட்ட மறந்துட்டு ஊருக்குப் போயிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. இதை அவர்கிட்ட எப்பவும் சொல்லிடாதீங்க.

எட்டுக் கட்டையும் பார்த்தேன். குனிஞ்சு, கை வெச்சு, தடவிப் பார்த்தேன். நான் கட்டினது ஒண்ணுகூட ஒரு மாசத்துக்கு மேல தாங்கினதில்ல. பிளம்பர்கிட்ட சிங்க்குக்குக் கீழ இருக்குற அந்த ஒரு இடத்தை மட்டும் அப்படியே விடச் சொல்லப் போறேன்.

படியில செருப்புச் சத்தம் கேக்குது. உறையை ஒட்டிடறேன். முதல்ல அவர் என்னைக் குனிஞ்சு பார்க்கச் சொல்லட்டும்.