யாரும் முந்தாத கார்

மகளிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் அன்று காரை எடுத்தேன். "பின்னால் வர மாட்டேன்" என்று பிள்ளையார் படத்துக்கு முன்னால் செய்த சத்தியம், அவள் சைக்கிள் முதல் வளைவைத் தாண்டுவதற்குள் காலாவதியாகிவிட்டது.

யாழினிக்குப் பதினான்கு வயது. எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பள்ளிக்கு ஐந்து கிலோமீட்டர். சனிக்கிழமைகளில் மெயின் ரோட்டைத் தொட்டதும், மலை டவுனான பிரிஞ்சாங் வரை சுற்றுலாக் கார்கள் நகராது. நான் காரில் கொண்டுபோய் விட்டதில் மூன்று வாரமாக வலைப்பந்துப் பயிற்சிக்குத் தாமதம். இன்னொரு முறை தாமதமானால் குழுவில் இடமில்லை என்று ஆசிரியர் சொல்லிவிட்டார்.

"ஜாம்ல ஒக்காந்திருக்கிறதுக்கு நான் சைக்கிள்லயே போயிடுவேன்மா."

"லோரி வருமேடி!"

"லோரி ஓட்டுறவருக்குக் கண்ணு இருக்குலா."

(என் கணவர் நடுநிலை வகித்தார். அதாவது, டயருக்குக் காற்றடித்துக் கொடுத்தார்.)

அவளுக்குத் தெரியாமல் இரண்டு வளைவு இடைவெளி விட்டு, நடக்கிற வேகத்தில் பின்தொடர்ந்தேன். பின்னால் வருகிறவர்கள் மோதிவிடக் கூடாதே என்று டபுள் சிக்னல் போட்டேன். சைக்கிளுக்குப் பூஜை போட வாங்கிய சாமந்தி மாலை பெரிதாகிப்போனதால் அதைக் காரின் முகப்பில் கட்டியிருந்தேன். ஒவ்வொரு பள்ளத்தாக்கையும் பார்த்துப் பார்த்து அழுகை வேறு.

வெள்ளைக் கார், மாலை, மினுக்கும் விளக்குகள், ஆமை வேகம், ஸ்டீரிங்கைப் பிடித்தபடி விசும்பும் பெண். எங்கள் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான். சாவு ஊர்வலம். அதை யாரும் முந்த மாட்டார்கள்.

அது எனக்கு மட்டும் உறைக்கவில்லை. சரிவில் கொழுந்து வெட்டும் மெஷினைக் கங்காணி நிறுத்தச் சொன்னார். வங்காளதேசத் தொழிலாளிகள் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து நின்றார்கள். எனக்குப் பின்னால் கொழுந்து லோரி ஓட்டிவந்த சின்னையா அண்ணனும் டபுள் சிக்னல் போட்டார். அவருக்குப் பின்னால் முட்டைக்கோஸ் லோரி, அதற்கும் பின்னால் சுற்றுலாக்காரர்கள், எல்லோரும் போட்டார்கள். ஒருவர்கூட ஹார்ன் அடிக்கவில்லை. 'எவ்வளவு பண்பான ஜனங்கள்!' என்று நெகிழ்ந்து இன்னும் கொஞ்சம் அழுதேன்.

அடுத்த வளைவில் யாழினி சைக்கிளை விட்டு இறங்கி, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி தலைகுனிந்து நின்றாள். சரிவில் நின்றவர்களைப் பார்த்து, பாவம், யாரோ போய்விட்டார்கள் என்று அவளும் மரியாதை செய்கிறாள். நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள்.

"அம்மா?"

காரை நிறுத்தினேன். சின்னையா அண்ணன் ஓடிவந்தார். "யாரும்மா தவறிட்டாங்க? ஒரு வார்த்த சொல்லலியே!"

"இப்ப நான்தான் செத்தேன் அங்கிள்" என்றாள் யாழினி. விஷயம் தெரிந்ததும் சரிவிலிருந்து ரோடுவரை சிரிப்பு பரவியது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கு சைக்கிளும் வேணாம், வலைப்பந்தும் வேணாம். வீட்டுக்குப் போலாம்."

ஒரு வாரமாக நான் கேட்கத் தவமிருந்த வார்த்தை. கேட்டபோது வேண்டாமென்று இருந்தது.

"ஏம்மா, இன்னிக்கி ரோட்ட அடைச்சது புள்ளயோட சைக்கிளா, ஒங்க காரா?" என்றார் சின்னையா அண்ணன். "லோரில கொழுந்து வாடுது. அவள விடுங்க."

நான் எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவி யாழினி கையில் திணித்தேன். "இத எடுத்துக்கிட்டுப் போ. இனி நெனச்சாலும் பின்னால வர முடியாது." அவள் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு ஏறி மிதித்தாள். இறக்கத்தில் அவள் மறையும்வரை நான் ஒரு தியாகியைப் போல நின்றேன்.

"நல்லதும்மா" என்றார் சின்னையா அண்ணன். "இப்ப காரக் கொஞ்சம் ஓரங்கட்டுங்க. லோரி போவணும்."

அப்போதுதான் கையைப் பார்த்தேன்.

சாவியில்லாமல் ஸ்டீரிங் பூட்டிக்கொண்டது. கங்காணி பன்னிரண்டு பேரை அழைத்துவந்தார். மாலை போட்ட காரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, மெல்ல நடந்து, புல்மேட்டில் இறக்கினார்கள். ஊர்வலம் முறைப்படி நிறைவேறியது.

யாழினி அன்று பத்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தாள். குழுவில் இடம் நிலைத்தது. இப்போது தோட்டத்திலிருந்து ஏழு பிள்ளைகள் சேர்ந்து சைக்கிளில் போகிறார்கள். சின்னையா அண்ணன் வளைவுகளில் அவர்களுக்காக வேகத்தைக் குறைக்கிறார். லோரிச் சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனாலும் நானும் ஒரு பழைய சைக்கிள் வாங்கிவிட்டேன். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். இத்தனை வருடம் கார் கண்ணாடிக்குள்ளிருந்து நான் தலையாட்டிய முகங்களுக்கெல்லாம் இப்போது பெயர் தெரிகிறது. யார் வீட்டில் என்ன குழம்பு என்பதும் தெரிகிறது.

மழை நாளில் மட்டும் கார்ச் சாவியைத் தொடுவேன். உடனே என் கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, துக்கம் விசாரிக்கிற பதவிசோடு கேட்பார்: "எத்தன மணிக்கு எடுக்குறாங்க?"