கட்டிலைத் தலையில் சுமந்த மெம்பர்

ஓட்டுக் கேட்கச் சின்னத்தைச் சுவரில் எழுதியவர்கள் உண்டு, நோட்டீஸில் அடித்தவர்கள் உண்டு. சின்னத்தையே தலையில் சுமந்து தெருத்தெருவாக வந்தவர், காவிரிக் கடைமடை முழுக்கத் தேடினாலும், எங்கள் கட்டில் மெம்பர் ஒருவர்தான். போன மாதம் அவருடைய முதல் வருஷத் திவசத்துக்குப் போயிருந்தேன். கொல்லையில் அந்தக் கயிற்றுக் கட்டிலின் மேல் அவர் மனைவி மாரியம்மா அத்தை மிளகாய் காயவைத்திருந்தார். தூக்கிவாரிப் போட்டது. ஊர்ச் சரித்திரத்தின் மேல் மிளகாயா? அந்த நிமிஷமே முடிவு செய்தேன்: மெம்பருக்கு ஒரு கண்காட்சி.

நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கியவர் அவர். வார்டு மெம்பருக்கு நின்றபோது கிடைத்த சின்னம் கட்டில். எதிர்த்து நின்ற ரைஸ்மில்காரருக்குப் பூட்டு. மில்காரர் மைக் கட்டிய வேனில் வந்தார். இவர் வீட்டுக் கட்டிலைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். வாசலுக்கு வாசல் இறக்கிவைத்து, "உக்காருங்க. மொதல்ல கொறையச் சொல்லுங்க, ஓட்ட அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்.

ஓட்டுப்பதிவு அன்று வாக்குச்சாவடிக்கு அருகில் சின்னம் எதுவும் தெரியக் கூடாதாம். சாவடிக்கு எதிர்வீட்டுத் தாத்தா வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார் என்று மில்காரரின் ஆள் புகார் செய்ய, போலீஸ்காரர் போய்த் தாத்தாவை எழுப்பினார். நம்மவர் பணிவாகச் சொன்னார்: "நியாயந்தான் சார். ஓட்டுப் போட வந்தவங்க வீட்டுலல்லாம் பூட்டு தொங்குது. அதையும் கழட்டச் சொல்லிடுங்க." போலீஸ்காரர் தாத்தாவைத் திரும்பப் படுக்கவைத்துவிட்டுப் போனார்.

ஜெயித்ததும் புங்கமரத்தடியில் கட்டில்தான் ஆபீஸ். நின்றபடி சொன்னால் காதில் வாங்கமாட்டார். "நின்னா சண்டைக்கு வந்த மாதிரி இருக்குங்க, உக்காருங்க." ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து கயிறு தொய்யும். ஞாயிறுதோறும் இழுத்து முறுக்குவார். தொய்யாத வாரம் முகம் சுருங்கிவிடும். "ஒருத்தரும் வரலையே. நம்ம மேல கோவமோ?"

ஒரு வருஷம் வாய்க்கால் தலைப்பில் மதகு துருப்பிடித்துத் திறக்காமல், எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை. மனு கொடுத்துப் பார்த்தார். பிறகு வறண்ட வாய்க்காலின் நடுவில் கட்டிலைப் போட்டுப் படுத்தார். பதறி வந்த அதிகாரியிடம், "தண்ணி வந்து எழுப்பட்டும் சார், எந்திரிக்கிறேன்" என்றார். எழுப்பியது. முதுகு நனைந்ததும் கட்டிலைத் தலையில் ஏற்றிச் சொட்டச் சொட்ட ஊரைச் சுற்றினார். தண்ணீர் வந்த சேதிக்கு வேறு தண்டோரா தேவைப்படவில்லை. கட்டில் காலில் அன்றைய சேற்றுக்கோடு இன்னும் இருக்கிறது. அதைத் துடைக்க அத்தை யாரையும் விட்டதில்லை.

லைப்ரரியில் பேசிவிட்டு இன்று மறுபடி போனபோது, அத்தை கட்டிலில் மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அத்தை, லைப்ரரில ஒரு ரூம் கேட்டிருக்கேன். மாமாவோட கட்டில், பொன்னாடை எல்லாத்தையும் வச்சிடலாம்."

"பொன்னாடைய ஆட்டுக்குட்டிக்குப் போத்தியிருக்கேன். பனிக்கு நல்லா தாங்குது."

"சரி, கட்டில மட்டும் குடுங்க. சுத்திக் கயிறு கட்டி, தொடாதீங்கன்னு போர்டு வச்சு..."

அத்தையின் கை மிளகாயில் நின்றது. "தொடக் கூடாதா? அப்ப குடுக்க மாட்டேன் தம்பி. கயிறு தொய்யலன்னா அந்த மனுசன் மூஞ்சி போற போக்க நான்ல பாத்தேன். இப்ப யாரு வந்து உக்கார்றா? மிளகாயாவது உக்காந்திருக்கட்டும்னுதான் போட்டு வச்சிருக்கேன்."

கண்காட்சி அங்கேயே கலைந்தது. எனக்கு அடுத்த யோசனை வர இரண்டு நிமிஷம் பிடித்தது.

நாளைக் காலை கீழத்தெருவில் தொடங்குகிறேன். வாசலுக்கு வாசல் கட்டிலை இறக்கி, உட்காரவைத்து, மெம்பரைப் பற்றிச் சொல்வதையெல்லாம் போனில் பதிவு செய்யப்போகிறேன். தூக்கிப் பார்த்தேன், கழுத்து உள்ளே போய்விட்டது. அத்தை சிரித்துவிட்டு உள்ளே போனார். மெம்பரின் தலைத்துண்டை எடுத்துவந்து, சும்மாடாகச் சுருட்டி என் தலையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கயிறு முறுக்க வேண்டியிருக்கும்.